ஒரே புகைபோக்கியில் இரண்டு கேஸ் கருவிகள்: கணக்கைச் சின்னதிலிருந்து தொடங்குங்கள்

குளிர் நாடுகளில் பழைய வீட்டின் அடித்தளத்துக்கு இறங்கினால் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான் இருக்கும். ஒரு மூலையில் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ், பக்கத்தில் கேஸ் வாட்டர் ஹீட்டர், இரண்டின் தலையிலிருந்தும் கிளம்பும் தகரக் குழாய்கள் ஒரே செங்கல் புகைபோக்கிக்குள் நுழையும். "ரெண்டையும் ஒண்ணுலயே விடலாமா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். விடலாம். முறைப்படி செய்தால் இது விதிகள் அனுமதிக்கும் ஏற்பாடுதான். ஆனால் ஃபர்னஸ் பெரியது என்பதால் எல்லாரும் அதைப் பார்த்தே அளவெடுக்கிறார்கள். நான் முதலில் குனிந்து பார்ப்பது வாட்டர் ஹீட்டரின் பெயர்ப்பலகையைத்தான்.

காரணம் எளிது. ஃபர்னஸ் குளிர்காலத்தில் மட்டும் ஓடும், ஹீட்டர் வருஷம் முழுக்க ஓடும். கோடையில் மணிக்கு 40,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிக்கும் ஹீட்டர் தன்னந்தனியாக அந்தப் புகைபோக்கி முழுவதையும் சூடாக்கி, தன் புகையை மேலே அனுப்பியாக வேண்டும். சாதாரண ஹீட்டரில் அதற்கு விசிறி கிடையாது. சூடான காற்று லேசானது என்ற ஒரே பலத்தில்தான் புகை ஏறுகிறது. புகைபோக்கி எவ்வளவு உயரம், உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட எவ்வளவு சூடு, இந்த இரண்டைப் பொறுத்ததுதான் இழுப்பு. அகலம் கூடினால் இழுப்பும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அகலம் கூடக் கூடச் சுவர் சூட்டைக் குடித்துவிடும், புகை ஆறிப்போய் நடுவழியில் நின்றுவிடும். பூனைக்கு யானைச் சட்டை போட்ட கதைதான்.

புகை ஆறினால் இன்னொரு தொல்லையும் உண்டு. கேஸ் எரியும்போது நிறைய நீராவி உண்டாகிறது. ஒரு லட்சம் பிடியூ அளவுக்கு எரிவாயு எரிந்தால் 4 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியேறும். புகைபோக்கிச் சுவர் குளிர்ந்திருந்தால் அந்த ஆவி அங்கேயே வியர்க்கும். அது சுத்தமான தண்ணீர் அல்ல, லேசான அமிலம். செங்கல்களுக்கு நடுவே இருக்கும் சாந்தை அரித்து, புகைபோக்கியின் உள்சுவரில் உறைபோல வைத்திருக்கும் ஓட்டு லைனரைச் செதில் செதிலாக உதிர்த்து, சில வருஷங்களில் மேல்மாடிச் சுவரில் ஈரக் கறையாக வந்து நிற்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் குழாயைக் கழற்றுவதும் மாட்டுவதும் உரிமம் பெற்றவரின் வேலை. புகைக் குழாயையும் அதோடு சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வருபவரிடம் சரியான கேள்வியைக் கேட்கவும், முடித்த வேலையைச் சரிபார்க்கவும்தான் இது உதவும். நான் தரும் எண்கள் அமெரிக்காவின் தேசிய எரிவாயு விதித்தொகுப்பான என்.எஃப்.பி.ஏ. 54-ஐ ஒட்டியவை. கனடாவில் பி149.1 என்ற தனி விதித்தொகுப்பு இருக்கிறது. உங்கள் இடத்து விதியோ கருவியோடு வந்த கையேடோ இதைவிடக் கறாராக இருந்தால் அதுதான் கடைசி வார்த்தை.

எது எதோடு சேரும்

கேஸ் கருவிகளை அவற்றின் புகைக் குழாயில் இருக்கும் அழுத்தத்தையும் புகையின் சூட்டையும் வைத்து நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகையில் குழாயில் அழுத்தம் இருக்காது, புகை வியர்க்காத அளவுக்குச் சூடாக இருக்கும். டிராஃப்ட் ஹுட் (புகை வெளியேறும் வாயில், அறைக் காற்றும் நுழையும்படி திறந்திருக்கும் குடை போன்ற மூடி) வைத்த பழைய ஃபர்னஸ், பாய்லர், சாதாரண வாட்டர் ஹீட்டர் எல்லாம் இந்தப் பாணியில் வேலை செய்பவை. உள்ளே சின்ன விசிறி வைத்த, 80 சதவீதத் திறன் கொண்ட ஃபர்னஸும் முதல் வகைதான். அந்த விசிறி புகையை ஃபர்னஸின் உடம்பைத் தாண்டி இழுத்து விடுவதோடு சரி, புகைபோக்கி வழியாகத் தள்ளிவிடாது. சாதாரண ஹீட்டரோடு சேர்ந்து ஒரே புகைப்பாதையில் போகத் தகுதியானவை இவை மட்டுமே.

நான்காவது வகை என்பது 90 சதவீதத்துக்கு மேல் திறன் கொண்ட ஃபர்னஸ். அதன் புகை ஏற்கெனவே ஆறிப்போய் ஈரத்தோடு, அழுத்தத்தோடு வரும். அதற்கென்று தனி பிளாஸ்டிக் குழாய் உண்டு, அது தனியாகத்தான் வெளியே போக வேண்டும். அதை ஹீட்டரின் புகைபோக்கியில் சேர்த்தால் ஃபர்னஸின் விசிறி தள்ளும் புகை ஹீட்டரின் ஹுட் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். இதில் பேரமே கிடையாது.

விறகு அடுப்போ கணப்போ இருக்கும் புகைப்பாதையில் கேஸ் கருவியைச் சேர்க்கவே கூடாது. ஆனால் ஒரே செங்கல் தூணுக்குள் இரண்டு மூன்று தனிப் பாதைகள் இருக்கலாம். கணப்புக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று என்று தடுப்புச் சுவரோடு இருந்தால் பிரச்சினை இல்லை. வெளியிலிருந்து தூணைப் பார்த்து முடிவு செய்யாமல், கூரையில் ஏறி எத்தனை வாய் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள்.

இங்கே சொல்லும் கணக்கெல்லாம் ஒரே தளத்தில் இருக்கும் கருவிகளுக்கு மட்டும். கீழ்த்தளத்தில் ஒன்று, மேல்தளத்தில் ஒன்று என்றால் விதிகள் வேறு. அதை வீட்டளவில் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

அளவுக் கணக்கு

இரண்டு கருவிகளிலுமே டிராஃப்ட் ஹுட் இருந்தால் ஒரு சுருக்கக் கணக்கு உண்டு. பெரிய ஹுட் வாயின் பரப்பு, அதோடு சின்ன ஹுட் வாயின் பரப்பில் பாதி. இதற்குக் குறையாமல் பொதுப் பாதை இருக்க வேண்டும். அதே சமயம் சின்ன வாயின் பரப்பைப்போல் ஏழு மடங்குக்கு மேல் போகவும் கூடாது.

ஒரு உதாரணம். ஃபர்னஸின் வாய் 5 அங்குல விட்டம், ஹீட்டரின் வாய் 3 அங்குலம். பரப்பு முறையே 19.6, 7.1 சதுர அங்குலம். பெரியதோடு சின்னதில் பாதியைக் கூட்டினால் சுமார் 23. 5 அங்குலக் குழாய் போதாது, 6 அங்குலக் குழாயின் பரப்பு 28.3, அது போதும். அடுத்து மேல் வரம்பு. ஏழு மடங்கு என்றால் சுமார் 49.5 சதுர அங்குலம். இப்போது செங்கல் புகைபோக்கிக்குள் பாருங்கள். 8-க்கு 8 என்று சொல்லப்படும் சுட்ட மண் லைனரின் உள்பரப்பு சுமார் 43, அதனால் தேறிவிடும். 8-க்கு 12 லைனர் சுமார் 63. ஃபர்னஸுக்கு அது ஏகப்பட்ட இடம், ஆனால் ஹீட்டருக்கு ஆகாது. இத்தனைக்கும் இரண்டும் பழைய வீடுகளில் சர்வ சாதாரணமாகக் காணப்படும் அளவுகள்.

அங்கே சிலர் ஒரு குறுக்கு வழி போவார்கள். 3 அங்குல ஹீட்டர் வாயில் ஒரு அகலப்படுத்தியை மாட்டி 4 அங்குலக் குழாய் ஆக்கிவிட்டு, "இப்ப ஏழு மடங்கு 88 ஆயிடுச்சு" என்பார்கள். ஏழு மடங்கு கணக்கிடுவது ஹுட்டின் சொந்த வாயை வைத்துத்தான், மேலே ஒட்டிய குழாயை வைத்து அல்ல. குழாய் அகலமானதால் ஹீட்டரிலிருந்து வரும் சூடு கூடிவிடாது.

ஃபர்னஸில் விசிறி இருந்தால் இந்தச் சுருக்கக் கணக்கை மறந்துவிடுங்கள். விதிப் புத்தகத்தின் அட்டவணைகளைத்தான் பார்க்க வேண்டும். அதில் விசிறி வைத்த கருவிக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண்கள் இருக்கும். குறைந்தபட்சத்துக்குக் கீழே போனால் குழாய் வியர்க்கும், அதிகபட்சத்துக்கு மேலே போனால் குழாயில் அழுத்தம் உண்டாகும். ஹுட் வைத்த கருவிக்கு அதிகபட்சம் மட்டும்தான். வேலைக்கு வருபவரிடம் "எந்த அட்டவணை பார்த்தீங்க?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அளவு எடுக்கப்படவில்லை என்று அர்த்தம்.

கூரைக்குக் கீழேயே ஒரு பக்கமாவது வெளிக்காற்றில் நிற்கும் புகைபோக்கி என்றால் அட்டவணைகள் இன்னும் கறாராகும். வீட்டின் நடுவே போகும் புகைபோக்கிக்கு வீடே போர்வை. வெளிச்சுவரில் இருப்பது ராத்திரி முழுக்கக் குளிரில் நிற்கிறது. அப்படிப்பட்டதில் நான் கணக்குப் பார்த்து நேரத்தைச் செலவிடுவதில்லை, நேராக லைனர் போடச் சொல்லிவிடுவேன்.

இணைப்புக் குழாய்கள்

கருவியிலிருந்து புகைபோக்கி வரை போகும் குழாயில்தான் நல்ல வேலைக்கும் கெட்ட வேலைக்கும் வித்தியாசம் தெரியும். ஹுட்டிலிருந்து முடிந்த வரை நேரே மேலே ஏற விடுங்கள், அப்புறம் வளையுங்கள். அட்டவணைகளே 1 அடி உயர்விலிருந்துதான் தொடங்குகின்றன. இடம் இருந்தால் 2 அடி கொடுங்கள், ஹீட்டருக்கு அது பெரிய வரம். ஹுட்டுக்கு மேலேயே முழங்கை மாட்டி உடனே படுக்க வைத்த குழாயைப் பார்த்தால் நான் அங்கேயே புகையைச் சோதித்துவிடுவேன்.

படுக்கையாகப் போகும் பகுதி புகைபோக்கியை நோக்கி அடிக்குக் கால் அங்குலமாவது ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் தொய்வு கூடாது. நீளம், குழாய் விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒன்றரை அடி. அதாவது 3 அங்குலக் குழாய்க்கு நாலரை அடி, 4 அங்குலத்துக்கு 6 அடி. அதைத் தாண்டினால் அட்டவணை எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். மூட்டுக்கு மூன்று திருகாணி போட்டு முடுக்கியிருக்க வேண்டும். அலுமினிய ஒட்டுப்பட்டி சுற்றியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், சூட்டில் அது உரிந்து வந்துவிடும். ஒற்றைச் சுவர்க் குழாய் மரத்திலிருந்து 6 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும், இரட்டைச் சுவர் கொண்ட பி வகைக் குழாய்க்கு 1 அங்குலம் போதும். இரட்டைச் சுவரில் புகை சீக்கிரம் ஆறாது என்பதால் முடிந்தால் அதையே போடச் சொல்வேன். கையால் திருகிப் பாதையை மூடித் திறக்கும் தகடான டேம்பர் எங்கேயும் கூடாது.

புகைபோக்கிக்குள் இரண்டு குழாய்களும் நுழையும் இடம் முக்கியம். ஒன்றுக்கொன்று நேர் எதிரே, ஒரே மட்டத்தில் வரக் கூடாது. அப்படி வந்தால் ஒன்றின் புகை நேராக இன்னொன்றின் வாய்க்குள் அடிக்கும். சின்னக் குழாய் மேலே, பெரியது கீழே. மேல்தளத்தின் உத்தரம் எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவு மேலே சின்னதை ஏற்றுங்கள். பலவீனமானவனுக்கு அதிக ஏற்றம் கிடைக்கும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சூடான புகையில் போய்க் கலப்பதும் சுலபம். கீழேயே உலோகக் குழாயில் சேர்த்துக் கொண்டுபோவதானால் ஒய் வடிவ இணைப்பு நல்லது. டி வடிவத்தில் புகை முட்டிக்கொண்டுதான் திரும்பும்.

சுவருக்குள் நுழையும் குழாய் லைனரின் உள்முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் பாதையை அடைக்கும். கீழ் நுழைவாயிலுக்குக் கீழே 12 அங்குலமாவது காலி இடம் வேண்டும், உதிரும் தூசியும் சாந்தும் அங்கே விழுந்து கிடக்கட்டும். அந்தக் குழியைத் திறந்து பார்த்தாலே புகைபோக்கியின் ஜாதகம் தெரிந்துவிடும். ஓட்டுச் செதில்கள் குவிந்திருந்தால் மேலே லைனர் உரிகிறது. ஈரமாகவும் வெள்ளைப் பூப்பாகவும் இருந்தால் வியர்க்கிறது. பறவைக் கூட்டின் குச்சிகள் கிடந்தால், சரி, முதலில் அதைக் கவனியுங்கள்.

லைனர்

பாதை அகலமாக இருந்தால் அதற்குள் உலோக லைனர் இறக்குவதுதான் தீர்வு. வளையும் லைனர் போட்டால், சுருக்கங்கள் புகையைத் தடுப்பதால் பி வகைக் குழாய்க்கு உரிய அதிகபட்சத்திலிருந்து 20 சதவீதத்தைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும். இதை மறந்து 6 அங்குலம் என்றால் 6 அங்குலம்தானே என்று இறக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

லைனர் இறக்கிய பிறகு அதைச் சுற்றி மிஞ்சும் இடைவெளியில் வேறு எந்தக் கருவியின் புகையையும் விடக் கூடாது. புது ஃபர்னஸின் பிளாஸ்டிக் குழாயைப் பழைய புகைபோக்கி வழியாக மேலே ஏற்றிவிட்டு, சுற்றியுள்ள இடைவெளியில் ஹீட்டர் புகையை விட்டிருந்த ஒரு வீட்டை நானே பார்த்தேன். பார்வைக்கு எவ்வளவு நேர்த்தியான வேலை! உள்ளே ஹீட்டரின் பாதை எங்கே குறுகுகிறது, எங்கே அடைகிறது என்று யாருக்கும் தெரியாது.

ஹீட்டர் அனாதையாகும்போது

ஃபர்னஸ் பழசானதும் 90 சதவீதத்துக்கு மேல் உள்ளதாக மாற்றுவார்கள். நல்ல விஷயம்தான். புது ஃபர்னஸுக்குத் தனிக் குழாய் சுவர் வழியே போய்விடும். பழைய பெரிய புகைபோக்கியில் ஹீட்டர் மட்டும் மிஞ்சும். குளிர்காலத்தில் ஃபர்னஸ் கொடுத்த சூடும் இனி இல்லை. தொழிலில் இதை அனாதை ஹீட்டர் என்பார்கள், சரியான பெயர்.

ஃபர்னஸ் மாற்றிக் கொஞ்ச காலம் ஆன வீட்டுக்குப் போனால் நான் ஹீட்டரின் தலையைத்தான் முதலில் பார்ப்பேன். தண்ணீர்க் குழாய்கள் நுழையும் இடத்தில் சிவப்பும் நீலமுமாகச் சின்ன பிளாஸ்டிக் வளையங்கள் இருக்கும். ஹுட் பக்கமாக இருக்கும் விளிம்பு மட்டும் உருகி வழிந்து, மறுபக்கம் புதுசு போலவே இருந்தால் அந்தப் பக்கம் சூடான புகை அடிக்கடி வழிந்திருக்கிறது. ஹுட்டின் கால்களைச் சுற்றித் தகட்டில் துருவின் வட்டம் தெரியும். விரலால் தடவினால் செம்மண் போல ஒட்டும். இந்த இரண்டும் இருந்தால் மற்ற சோதனைக்கு முன்னாலேயே எனக்குப் பதில் தெரிந்துவிடும்.

வழி மூன்று. ஹீட்டருக்கு அளவான லைனர் இறக்கலாம். அல்லது விசிறி வைத்துத் தனியாக வெளியேற்றும் ஹீட்டர் வாங்கலாம். அல்லது மின்சார ஹீட்டருக்கு மாறிப் புகைபோக்கியையே மூடிவிடலாம். ஃபர்னஸுக்கு விலை பேசும்போதே இந்தச் செலவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். விலைப்பட்டியலில் ஹீட்டரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

காற்று உள்ளே வர வேண்டும்

புகை மேலே போக, அதே அளவு காற்று கீழே வர வேண்டும். ஒவ்வொரு 1,000 பிடியூவுக்கும் 50 கன அடி இடம் என்பது பழைய கணக்கு. 80,000 ஃபர்னஸும் 40,000 ஹீட்டரும் சேர்ந்தால் 6,000 கன அடி. சின்ன அறைக்குள் இரண்டையும் அடைத்துக் கதவைச் சாத்தினால் அந்த இடம் கிடைக்காது. அறையின் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று காற்றுத் துளைகள் வேண்டும். பக்கத்து அறையிலிருந்து காற்று எடுத்தால் ஒவ்வொரு துளையும் 1,000 பிடியூவுக்கு 1 சதுர அங்குலம், எப்படியும் 100 சதுர அங்குலத்துக்குக் குறையக் கூடாது. துளைக்கு முன்னால் அட்டைப் பெட்டி அடுக்கி வைக்காதீர்கள், அதைத்தான் எல்லா வீட்டிலும் பார்க்கிறேன்.

சோதனை

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் கடைசித் தீர்ப்பு இங்கேதான். வீட்டை மோசமான நிலைமைக்குக் கொண்டுபோக வேண்டும். வெளிக்கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் மூடுங்கள். கணப்பு இருந்தால் அதன் டேம்பரையும் மூடுங்கள். துணி உலர்த்தும் இயந்திரம், சமையலறைப் புகை உறிஞ்சி, குளியலறை விசிறி, எல்லாவற்றையும் முழு வேகத்தில் ஓட விடுங்கள். இவையெல்லாம் சேர்ந்து வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சும்போது புகைபோக்கி தோற்குமா ஜெயிக்குமா என்பதுதான் கேள்வி.

புகைபோக்கி ஆறியிருக்கும்போது முதலில் ஹீட்டரை மட்டும் ஓட்டுங்கள். தொடங்கியவுடன் கொஞ்சம் வழிவது இயல்பு, பதற வேண்டாம். 5 நிமிஷம் கழித்து ஹுட்டின் விளிம்பைச் சுற்றி ஊதுபத்தியையோ எரியும் தீக்குச்சியையோ மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை உள்ளே இழுபட்டால் சரி. வெளியே தள்ளினாலோ தீக்குச்சி அணைந்தாலோ வழிகிறது. நான் ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்திருக்கிறேன். ஹுட் விளிம்பருகே பிடித்தால், வழியும் புகையின் ஈரம் கண்ணாடியில் மூடுபனி போலப் படியும். ஊதுபத்தியில் சந்தேகம் வந்தால் இது தீர்த்துவைக்கும்.

அப்புறம் ஃபர்னஸையும் போடுங்கள். அதன் விசிறி கிளம்பும் அந்தச் சில விநாடிகளில் ஹீட்டரின் ஹுட்டிலேயே கண் வைத்திருங்கள். ஃபர்னஸ் புகை ஹீட்டர் வழியே திரும்பி வருவது பெரும்பாலும் அப்போதுதான் பிடிபடும். இரண்டும் ஓடும்போது 5 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். பிறகு ஹீட்டரை அணைத்து, ஃபர்னஸ் மட்டும் ஓடும்போது ஒருமுறை. அறைக் கதவைத் திறந்தும் மூடியும் பாருங்கள், எந்த நிலையில் மோசமோ அதுதான் கணக்கு. எந்த நிலையிலாவது வழிந்துகொண்டே இருந்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கருவிகளை அணைத்து, சரிசெய்யும் வரை அப்படியே வையுங்கள்.

"கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கே, அது கத்தலையே" என்பார்கள். அலாரம் கட்டாயம் வேண்டும், படுக்கையறைகளுக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு தளத்திலும். ஆனால் அமெரிக்கத் தரமான யு.எல். 2034-இன்படி, காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு இருந்தால் அலாரம் ஒரு மணி நேரத்திலிருந்து நாலு மணி நேரத்துக்குள் அடித்தால் போதும். 400 பங்கு இருந்தால் 4 முதல் 15 நிமிஷத்துக்குள். அதாவது அது உயிரைக் காப்பதற்கான கருவி, இழுப்பை அளப்பதற்கானது அல்ல. சுத்தமாக எரியும் ஹீட்டர் நாள் முழுக்க வழிந்தாலும் அலாரம் வாய் திறக்காது. என்றைக்கு பர்னரில் தூசி அடைகிறதோ அன்றைக்குத்தான் கத்தும்.

இந்தச் சோதனையை வருஷத்துக்கு ஒருமுறை, குளிர் தொடங்கும் முன் செய்யுங்கள். நடுவில் பெரிய சமையலறைப் புகை உறிஞ்சி மாட்டினாலோ, ஜன்னல்களை இறுக்கமான புது ஜன்னல்களாக மாற்றினாலோ, இரண்டு கருவிகளில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலோ அன்றைக்கே மறுபடி செய்யுங்கள். ஒரு கருவியை எடுத்துவிட்டால் அதன் பழைய துளையைத் துணியாலும் தகரத்தாலும் மூடாமல், சாந்து வைத்து நிரந்தரமாக அடைக்கச் சொல்லுங்கள். லைனரின் அளவு, எந்தெந்தக் கருவி, எத்தனை பிடியூ, சோதனை செய்த தேதி, இவற்றை ஒரு அட்டையில் எழுதிக் குழாயில் கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்து வரும் ஆள் முதலில் படிப்பது அதைத்தான்.